பார்க்கின்சன் மாத்திரையால் வரும் சூதாட்ட வெறி: குறைப்பதா, நிறுத்துவதா, மாற்றுவதா?

பார்க்கின்சன் நோய்க்கு மருந்து சாப்பிடும் ஒருவர் விடிய விடிய கைப்பேசியில் பணம் வைத்து ஆடுகிறார். இன்னொருவர் வீட்டில் நாள்தோறும் பார்சல் வந்து இறங்குகிறது. பாதியைப் பிரிக்கக்கூட இல்லை. வேறொருவர் ஓய்வுபெற்றபோது வந்த தொகையோடு பங்குச் சந்தையின் ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிவிட்டார். மனைவியை ஓயாமல் தொந்தரவு செய்யும் காம இச்சை, நள்ளிரவில் எழுந்து இனிப்பு டப்பாவைக் காலி செய்வது, நன்றாக ஓடும் மிக்சியைக் கழற்றிப்போட்டுத் திருகாணிகளை மணிக்கணக்கில் அடுக்கிக்கொண்டிருப்பது எல்லாமே ஒரே குடும்பத்துக் கோளாறுகள். மருத்துவர்கள் இவற்றை உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறு என்பார்கள். வீட்டிலோ ‘வயசான காலத்துல புத்தி கெட்டுப்போச்சு’ என்று பல மாதம் சண்டை நடந்து முடிந்த பிறகுதான் மருந்துச் சீட்டின்மேல் கண் போகிறது.

அப்படிப் போன பிறகு முன்னால் இருக்கும் வழிகள் பல. சந்தேகப்படும் மாத்திரையின் அளவைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்திவிட்டு, இந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளாக மாறும் லெவோடோபா மருந்தின் அளவை ஏற்றலாம், அதே வகையில் வேறு மருந்துக்கு மாறலாம், புதிதாக ஒரு மருந்தைச் சேர்க்கலாம், மனநல ஆலோசனைக்குப் போகலாம், மூளையில் மின்முனை வைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம். இவை சம எடையுள்ள தேர்வுகள் அல்ல. பெரும்பாலானோருக்கு இரண்டாவதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். அதையும் மெதுவாகச் செய்ய வேண்டும். அது முடியும்வரை பணத்துக்கு வேலி போட வேண்டும். மற்றவை இது பலிக்காதபோதும் இதோடு துணையாகவும் வருபவை.

குற்றவாளி எந்த மாத்திரை

டோபமைன் அகோனிஸ்ட் எனப்படும் வகைதான் முதல் சந்தேகத்துக்குரியது. மூளையில் டோபமைனைப்போல நடித்து அதன் ஏற்பிகளை, அதாவது செல்களில் அது வந்து பொருந்தும் இடங்களை, தூண்டும் மருந்துகள் இவை. நம் ஊர் மருந்துக் கடைகளில் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் இரண்டும் பரவலாகக் கிடைக்கும். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். வணிகப் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இந்த நோய் முதலில் வற்றச் செய்வது ஸ்ட்ரையாட்டம் என்ற ஆழ்மூளைப் பகுதியில், உடலசைவைக் கவனிக்கும் மேற்புறத்தின் டோபமைனை. ஆசை, பரிசு, ஊக்கம் ஆகியவற்றைக் கவனிக்கும் கீழ்ப்புறப் பகுதி ஆரம்ப ஆண்டுகளில் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. கைகால் அசைவுக்குப் போதுமான அளவு மருந்து, அந்தக் கீழ்ப்புறத்துக்கு மிகையாகிவிடுகிறது. பிரமிபெக்ஸோலும் ரோபினிரோலும் டி3 என்ற ஏற்பியை விரும்பிப் பிடிப்பவை. அந்த ஏற்பி அடர்த்தியாக இருப்பதும் அங்கேதான்.

விபரீத முடிவுகள் எப்படி வருகின்றன என்பதற்கு இன்னொரு பாதியும் உண்டு. எதிர்பார்த்த பணம் வராமல் தோற்கும்போது டோபமைன் ஒரு கணம் சரியும். ‘இது வேண்டாம்’ என்று மூளை கற்றுக்கொள்வது அந்தச் சரிவிலிருந்துதான். அகோனிஸ்ட் நாள் முழுக்க ஏற்பிகளைத் தூண்டியபடியே இருப்பதால் சரிவு பதிவாவதில்லை. 2004-இல் மைக்கேல் ஃபிராங்கும் சகாக்களும் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், மருந்து எடுக்காத நிலையில் நோயாளிகள் தண்டனையிலிருந்து நன்றாகக் கற்றார்கள். மருந்து எடுத்த நிலையில் பரிசிலிருந்து நன்றாகக் கற்றார்கள், தண்டனை உறைக்கவில்லை. வீட்டில் சொல்லும் புத்திமதி ஏன் எடுபடுவதில்லை என்பதற்கு இதுவே விடை. எவ்வளவு இழந்தார் என்று கேட்டால் ரூபாய் சுத்தமாகக் கணக்குச் சொல்வார். கணக்குத் தெரிகிறது, வலி தெரியவில்லை.

எத்தனை பேருக்கு வருகிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மையங்களில் 3,090 நோயாளிகளைப் பார்த்த ‘டாமினியன்’ ஆய்வு 2010-இல் வெளியானது. 13.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு கோளாறு இருந்தது: கட்டுக்கடங்காமல் பொருள் வாங்குவது 5.7, சூதாட்டம் 5.0, மிகையாக உண்பது 4.3, பாலுறவு நாட்டம் 3.5. அகோனிஸ்ட் எடுப்பவர்களில் 17.1, எடுக்காதவர்களில் 6.9. பிரமிபெக்ஸோலுக்கும் ரோபினிரோலுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இது ஒரு நாள் எடுத்த நிழற்படம் போன்ற கணக்கு. ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால் எண்ணிக்கை கலங்கடிக்கும். 2018-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வொன்று 411 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அகோனிஸ்ட் எடுத்தவர்களில் ஐந்தாண்டுக்குள் 51.5 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு கோளாறு தலைகாட்டியது. அதை எடுக்கவே எடுக்காதவர்களில் 12.4.

மாத்திரை தொடங்கிய வாரத்திலேயே வரும் என்று எதிர்பார்ப்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. அகோனிஸ்ட் எடுத்த 46 பேரைத் தொடர்ந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் 18 பேருக்குக் கோளாறு வந்தது. தொடங்கியதிலிருந்து 3 மாதத்திலும் வந்தது, 9 ஆண்டு கழித்தும் வந்தது, நடுமதிப்பு 23 மாதம். ‘ரெண்டு வருஷமா இதே மாத்திரைதானே, அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே’ என்ற வாதம் அதனால் செல்லாது. 65 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள், மணவாழ்க்கைத் துணை இல்லாதவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் சூதாட்டப் பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அபாயம் கூடுதல். இளவயதில் நோய் வந்தவருக்கு லெவோடோபாவைத் தள்ளிப்போட அகோனிஸ்ட்டை முதலில் எழுதுவது பல மருத்துவர்களின் வழக்கம். ஆக, யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கே இந்த மாத்திரை முதலில் போய்ச் சேருகிறது.

குணக்கேடு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2012-இல் பிரான்சின் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், ரோபினிரோல் எடுத்துச் சூதாட்டத்துக்கும் மிகைப் பாலுறவு நாட்டத்துக்கும் ஆளான நோயாளிக்கு மருந்து நிறுவனம் ஏறத்தாழ 1,97,000 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்றது.

மாத்திரையைத் தொடும் முன் பணம்

மருந்தை மாற்றி அதன் பலன் தெரிய வாரங்கள் ஆகும், சில வேளை மாதங்கள். சேமிப்பு கரைய ஒரு இரவு போதும். அதனால் முதல் வேலை வங்கியில்.

யுபிஐ உள்ள கணக்கில் அன்றாடச் செலவுக்கான தொகை மட்டும் இருக்கட்டும். மீதியை ‘இருவரும் சேர்ந்து’ கையொப்பமிட வேண்டிய கூட்டுக் கணக்குக்கோ வைப்புத்தொகைக்கோ மாற்றுங்கள். ‘யாரேனும் ஒருவர்’ என்ற முறையிலான கூட்டுக் கணக்கு இங்கே உதவாது. அவர் ஒருவரே எடுக்கலாம். யுபிஐ சர்க்கிள் என்றொரு வசதி 2024-இல் வந்தது. மனைவியோ மகளோ முதன்மைப் பயனராக இருந்து அவரைத் துணைப் பயனராகச் சேர்க்கலாம். முழு அனுமதி கொடுத்தால் ஒரு முறைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை அவரே செலவிடலாம். பகுதி அனுமதி என்றால் ஒவ்வொரு முறையும் முதன்மைப் பயனர் ஒப்புதல் தர வேண்டும். டீக்கடையில் காசு கொடுக்கக்கூட முடியாமல் அவரை நிறுத்திவைப்பதைவிட முதல் வகை மரியாதையானது. டெபிட், கிரெடிட் கார்டுகளில் இணையப் பரிவர்த்தனையையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் தனித்தனியாக அணைக்கும் வசதி வங்கிச் செயலியிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லிருந்து கிடையாது. ஆனால் எல்லையோர மாவட்டத்துக்காரர்களுக்குக் கேரள அரசு லாட்டரி ஒரு பேருந்துப் பயணத் தூரம்தான். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ததோடு எல்லாம் அடங்கிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டுப் பந்தயத் தளங்கள் இருக்கின்றன. அதைவிட மரியாதையான வேடத்தில் எஃப் அண்ட் ஓ எனப்படும் பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் இருக்கிறது. அதில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024-இல் சொன்னது, அவர்களெல்லாம் தோல்வி உறைக்கும் மூளையோடு ஆடியவர்கள். பங்குத் தரகரிடம் எழுதிக் கொடுத்து அந்தப் பிரிவை மட்டும் முடக்கச் சொல்லலாம். கையிலிருக்கும் பங்குகள் அப்படியே இருக்கும்.

நகை, பத்திரம் இரண்டும் வங்கி லாக்கரில், இருவர் சேர்ந்து திறக்கும் ஏற்பாட்டில். கடன் செயலிகளில் வாங்கியது வெளியே தெரியாமல் இருக்கும். ஆண்டுக்கொரு முறை இலவசமாகக் கிடைக்கும், கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பெரும்பாலும் வெளிப்படும். வீடு, மனை இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் அவ்வப்போது வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ‘பவர் எழுதி வாங்கிட்டா அவரால விக்க முடியாது’ என்று பலர் நம்புகிறார்கள். தவறு. பவர் கொடுத்தவரின் உரிமை அவரிடமே இருக்கிறது. அவர் நேரில் போய் விற்கலாம். பதற்றத்தில் மகன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதி வாங்குவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மருந்து மாறினால் இந்தக் கோளாறு பெரும்பாலும் தணியும். பத்திரம் திரும்பி வராது.

இவை எல்லாமே அவருடைய சம்மதத்தோடு, அவர் கையொப்பத்தோடு செய்ய வேண்டியவை. ‘இது மாத்திரை செய்யும் வேலை, மாத்திரையை மாற்றும்வரை மட்டும்’ என்று ஒரு கெடு வைத்துச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

வழி ஒன்று: அளவைக் குறைத்துப் பார்ப்பது

மருத்துவருக்கும் நோயாளிக்கும் இதுதான் எளிது, அதனால்தான் இதில் நெடுநாள் சிக்கிக்கொள்கிறார்கள். இனிப்புமேல் ஆசை, தோட்ட வேலையில் ஓயாத ஈடுபாடு என்று பணத்தையும் உறவையும் தொடாத அளவில் இருந்தால் இது போதும். பிரெஞ்சு ஆய்வில் மருந்தின் அளவும் எடுத்த காலமும் கூடக்கூட அபாயமும் கூடியது. எனவே குறைப்பதில் பொருள் உண்டு. ஆனால் சூதாட்டம், கடன், பாலுறவுத் தொந்தரவு என்று வந்துவிட்டால் பாதியாகக் குறைத்துவிட்டு மூன்று மாதம் காத்திருப்பது பணத்தை மேலும் மூன்று மாதம் பணயம் வைப்பது.

வழி இரண்டு: அகோனிஸ்ட்டை நிறுத்தி லெவோடோபாவை ஏற்றுவது

பெரும்பாலானோருக்குப் பலன் தருவது இதுதான். பிரெஞ்சு ஆய்வில் அகோனிஸ்ட் நிறுத்தியவர்களிடம் கோளாறு படிப்படியாக மறைந்தது. படிப்படியாக என்பதைக் கவனியுங்கள்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் மருத்துவரிடம் பேசுவது எளிது. ஏறத்தாழ 1 மி.கி. பிரமிபெக்ஸோல் அல்லது 5 மி.கி. ரோபினிரோல், 100 மி.கி. லெவோடோபாவுக்குச் சமம். ஒருவர் பிரமிபெக்ஸோல் 1 மி.கி. மூன்று வேளை, லெவோடோபா 100 மி.கி. மூன்று வேளை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அகோனிஸ்ட் பங்கு 300, லெவோடோபா பங்கு 300, மொத்தம் 600. அகோனிஸ்ட் முழுவதையும் எடுத்துவிட்டால் 300 குறையும். அதை அப்படியே ஈடுசெய்ய வேண்டியதில்லை. பலருக்கு 150 முதல் 300 வரை கூட்டினால் நடமாட்டம் சமாளிக்கும்படி இருக்கும். நாள் அளவில் வாரத்துக்கு 0.25 மி.கி. இறக்கினால் இந்த 3 மி.கி. முடிய 12 வாரம், 0.5 மி.கி. இறக்கினால் 6 வாரம். மருந்தின் குறிப்பேடு இதைவிட வேகமான இறக்கத்தை அனுமதிக்கிறது. கோளாறு வந்தவர்களிடம் அந்த வேகம் வேண்டாம் என்பதற்குக் காரணம் கீழே வருகிறது. ஒரே நாளில் நிறுத்துவது எந்த நிலையிலும் கூடாது: கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவு தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கோபத்தில் மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போடும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மாற்றத்தில் எங்கே சறுக்குகிறது?

நாளுக்கு ஒரு முறை எடுக்கும் நீள்செயல் பிரமிபெக்ஸோலைப் பிளேடால் வெட்டிக் குறைப்பது ஒன்று. அதை வெட்டக் கூடாது. மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அதே நாள் அளவைச் சாதாரண மாத்திரையாக மூன்று வேளைக்குப் பிரித்து மாற்றிக்கொண்டு, பிறகு இறக்க வேண்டும்.

அடுத்தது கார்பிடோபா கணக்கு. லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே வயிற்றுப் பக்கம் டோபமைனாக மாறிவிடாமல் தடுக்க நாளுக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா தேவை. சிண்டோபா 110 என்ற மாத்திரையில் லெவோடோபா 100, கார்பிடோபா 10 மட்டுமே. 125-இல் 100-க்கு 25. மூன்று வேளை 110 போட்டால் கார்பிடோபா வெறும் 30 மி.கி. குமட்டல், வாந்தி வரும். ‘லெவோடோபா ஒத்துக்கலை’ என்று பழி விழுந்து பழைய மாத்திரைக்கே திரும்புவார்கள். கடைக்காரர் ‘125 இல்ல, 110 இருக்கு, அதேதான்’ என்றால் வாங்க வேண்டாம். குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடும் புரோகுளோர்பெரசினும் இந்த நோயாளிக்கு ஆகாது, நோயையே கூட்டும். இதயத்துடிப்புக் கோளாறு இல்லையென்றால் மருத்துவர் டோம்பெரிடோன் எழுதுவார்.

உணவு மூன்றாவது. புரதம் லெவோடோபாவோடு போட்டிபோட்டு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். சாம்பார், பொங்கல், தயிர், முட்டை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்காமல் சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ ஒரு மணி பின்போ எடுத்தால் குறைந்த அளவிலேயே வேலை செய்யும்.

இந்த வழிக்கு இருக்கும் பெரிய தடை பயம். லெவோடோபாவைச் சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் தீர்ந்துபோகும் என்ற எண்ணம் நோயாளிகளிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. கானாவையும் இத்தாலியையும் ஒப்பிட்டு 2014-இல் வந்த ஆய்வு, தன்னிச்சையான உடல் நெளிவு போன்ற சிக்கல்கள் வருவது லெவோடோபா எடுத்த காலத்தைப் பொறுத்து அல்ல, நோய் எத்தனை ஆண்டு ஆனது என்பதையும் அளவையும் பொறுத்தே என்று காட்டியது. 1,620 பேரைச் சேர்த்த ‘பிடி மெட்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வில் பக்கவிளைவு தாங்காமல் மருந்தை விட்டவர்கள் அகோனிஸ்ட் பிரிவில் 28 விழுக்காடு, லெவோடோபா பிரிவில் 2. ஆனால் உடல் நெளிவு அபாயம் பொய்யில்லை. நாளுக்கு 400 மி.கி.க்கு மேல் போகும்போது அது கூடுகிறது, இளையவர்களிடம் இன்னும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அவர் 450 முதல் 600-க்குப் போகிறார். சூதாட்டத்தை விடுவதற்குக் கொடுக்கும் விலை அது. சிறிய நெளிவையும் அடகுக்குப் போன வீட்டையும் தராசில் வைத்தால் முடிவு கடினமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, மெதுவாக இறக்கச் சொன்னதன் காரணம். அகோனிஸ்ட்டை இறக்கும்போது சிலருக்கு விலகல் நோய்க்குறி வருகிறது: படபடப்பு, திடீர்ப் பீதி, வியர்வை, உடல்வலி, கடும் மனச்சோர்வு, மாத்திரைக்கான ஏக்கம். 2010-இல் வெளியான ஆய்வில் இறக்கிய 26 பேரில் 5 பேருக்கு இது வந்தது. அந்த ஐவருமே முன்பு உந்துதல் கோளாறு இருந்தவர்கள். அதாவது எவருக்கு நிறுத்த வேண்டுமோ அவருக்கே நிறுத்துவது கடினம். லெவோடோபாவைக் கூட்டினால் இது அடங்காது. குடும்பம் இதை ‘நோய் முற்றிவிட்டது’ என்று எண்ணி லெவோடோபாவை ஏற்றிக்கொண்டே போகும். பலன் இராது, நெளிவுதான் மிஞ்சும். கடைசியாகத் தாங்கிய அளவுக்குத் திரும்பி, அங்கே சில வாரம் நிறுத்தி, இன்னும் சிறிய படியாக இறங்க வேண்டும். இந்த நாட்களில் அவரைத் தனியாக விடாதீர்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கடன் தெரியவந்த அவமானமும் மருந்து விலகலும் ஒரே வாரத்தில் வந்து சேர்வது மோசமான கூட்டு.

ஒரு விலக்கு உண்டு. லெவோடோபாவையே சொன்ன அளவுக்கு மேல் ஒளித்து வைத்து விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். நன்றாக நடக்கும்போதும் ‘மருந்து இறங்கிடுச்சு’ என்று இன்னொன்று போடுவார்கள், நாலைந்து கடைகளில் வாங்குவார்கள். அவர்களுக்கு லெவோடோபாவை ஏற்றுவது எரியும் நெருப்புக்கு எண்ணெய். மாத்திரைகளை வீட்டில் ஒருவர் எண்ணிக் கொடுப்பதும் ஒரே கடையில் வாங்குவதும் முதலில் நடக்க வேண்டும்.

வழி மூன்று: வேறு அகோனிஸ்ட்டுக்கு மாறுவது

பிரமிபெக்ஸோலிலிருந்து ரோபினிரோலுக்கு மாறுவதில் பயனில்லை; டாமினியன் ஆய்வில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். தோலில் ஒட்டும் ரோட்டிகோட்டின் பட்டையிலும் நீள்செயல் மாத்திரைகளிலும் கோளாறு சற்றுக் குறைவாகச் சில ஆய்வுகளில் தெரிந்தது. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. அகோனிஸ்ட்டை முழுதாக விட்டால் நடக்கவே முடியாது என்ற நிலையில் இருப்பவருக்கு இடைவழியாக மட்டும் இதை வைக்கலாம்.

வழி நான்கு: ஒரு மருந்தைச் சேர்ப்பது

அமன்டடினை 17 சூதாட்ட நோயாளிகளுக்கு நாளுக்கு 200 மி.கி. கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு 2010-இல் நல்ல பலன் சொன்னது. அதே ஆண்டில் டாமினியன் தரவை அலசியபோது அமன்டடின் எடுப்பவர்களிடம் கோளாறு அதிகமாகவே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சூதாட்டத்துக்காக மட்டும் இதைத் தொடங்கக் காரணம் இல்லை. உடல் நெளிவுக்காகத் தேவைப்பட்டால் கண்காணிப்போடு கொடுக்கலாம்.

ஓபியம் வகை மருந்துகளின் ஏற்பிகளை அடைக்கும் நால்ட்ரெக்சோன் 50 பேரிடம் 8 வாரம் சோதிக்கப்பட்டு 2014-இல் முடிவு வந்தது. மருத்துவரின் ஒட்டுமொத்த மதிப்பீட்டில் வெற்று மாத்திரையைவிட மேம்படவில்லை. நோயாளியே நிரப்பிய வினாத்தாளில் மதிப்பெண் குறைந்தது. கல்லீரல் பரிசோதனை வேண்டும். இதை எடுக்கும்போது டிரமடால் போன்ற ஓபியம் வகை வலிநிவாரணி வேலை செய்யாது, முதுகுவலிக்காரர்கள் பலர் அதை எடுப்பதால் சொல்கிறேன்.

மாயக்காட்சி, சந்தேக நோய், மிகை உற்சாகம் சேர்ந்திருந்தால் குவெட்டியாபின், குளோசபின் என்ற மனநல மருந்துகளில் ஒன்று இடம் பெறும். குளோசபினுக்கு முதல் 18 வாரம் வாரந்தோறும் இரத்த அணுக்கள் எண்ணப்பட வேண்டும். அதே வகையைச் சேர்ந்த ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் ஆகியவை அசைவை முடக்கிவிடும். நோயாளியை நேராக மனநல மருத்துவரிடம் மட்டும் கூட்டிப்போனால், பார்க்கின்சன் இருப்பதையும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வழி ஐந்து: பேச்சுச் சிகிச்சை

இலண்டனில் 45 பேரிடம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை 12 அமர்வுகளாக நடத்திப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவில் கோளாறின் கடுமை குறைந்தது. நோயாளி ஆடும் நேரம், தூண்டும் சூழல், கையில் பணம் வரும் நாள் என்று குறித்துவைத்து அந்தக் கண்ணிகளை வெட்டுவதுதான் அதன் வேலை. மாத்திரை அப்படியே இருக்க இதை மட்டும் செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது. அகோனிஸ்ட்டை இறக்கிய பிறகும் பழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்கும், நொறுங்கிப்போன மனைவிக்கும் இது தேவை. மனைவிக்குத் தனியாகவே தேவைப்படலாம்.

வழி ஆறு: மூளையில் மின்முனை

ஆழ்மூளைத் தூண்டலில் சப்தலாமிக் கரு என்ற இடத்தில் மின்முனை வைத்தால் மாத்திரையைப் பெரிதும் குறைக்க முடியும். அதனால் உந்துதல் கோளாறும் தணியும். பிரான்சின் கிரனோபிள் மையம் 63 நோயாளிகளிடமும், பிறகு ‘எர்லிஸ்டிம்’ என்ற ஜெர்மன்-பிரெஞ்சு ஆய்வும் இதைக் காட்டின. இந்தியாவில் பல இலட்சம் ரூபாய் ஆகும்.

ஆனால் அதே சப்தலாமிக் கருதான் குழப்பமான தேர்வு வரும்போது ‘பொறு’ என்று மூளைக்குத் தடைபோடும் இடமும். தூண்டல் ஓடும்போது அந்தத் தயக்கம் குறைவதை 2007-இல் ஃபிராங்கின் குழுவே காட்டியது. எனவே சிலருக்கு அறுவைக்குப் பிறகு அவசர முடிவுகள் கூடுகின்றன. மின்னோட்டத்தையும் தூண்டும் புள்ளியையும் மாற்றிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். மறுபக்கம், மாத்திரையைச் சட்டென்று வெட்டினால் மந்தமும் மனச்சோர்வும். 5,311 பேரின் தரவைத் திரட்டிய 2008-ஆம் ஆண்டு ஆய்வில் 0.45 விழுக்காட்டினர் தற்கொலை செய்துகொண்டார்கள், 0.90 விழுக்காட்டினர் முயன்றார்கள். உந்துதல் கோளாறு இருந்தவர்களிடம் அபாயம் கூடுதல். அசைவுப் பிரச்சினைக்காகவே அறுவைக்குத் தகுதியானவர், லெவோடோபாவுக்கு நன்றாக அசைவு திரும்புபவர், மறதி நோய் இல்லாதவர் என்றால் உந்துதல் கோளாறு அறுவைக்குத் தடையல்ல, சார்பான காரணமாகக்கூட ஆகலாம். சூதாட்டத்தை நிறுத்த மட்டும் இதைக் கேட்டுப் போக வேண்டாம்.

மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியவை

பத்து நிமிடச் சந்திப்பில் நோயாளி இதைச் சொல்ல மாட்டார். வெட்கம் ஒரு காரணம். தனக்குப் பிரச்சினை இருப்பதே தெரியாமை இன்னொன்று. கூடவே போகிறவர் தனியாக இரண்டு நிமிடம் கேட்டு வாங்க வேண்டும். கையில் ஒரு தாள் இருக்கட்டும்: ஒவ்வொரு மாத்திரையின் பெயர், அளவு, எந்த மாதம் தொடங்கியது; மாறிய நடத்தை எது, எந்த மாதம் முதலில் கண்டது; கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கில் சந்தேகமான வரிகள். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வினாத்தாள் வடிவில் கேட்க ‘கியூப்’ என்ற கருவி இருக்கிறது, நோயாளியோடு வீட்டாரும் நிரப்பலாம்.

இறக்கத் தொடங்கிய பின் வாரம் ஒரு முறை மூன்றை மட்டும் குறித்தால் போதும்: ஆசைக்குச் செலவான தொகையும் நேரமும், ஒரு நாளில் அசைவு முடங்கிய மணிகள், மனநிலை. அகோனிஸ்ட் முழுதாக நின்று மூன்று மாதம் ஆன பிறகும் பணம் ஒழுகுகிறது என்றால் நான்காவது, ஐந்தாவது வழிகளைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் அவசரப்பட்டு மருந்துகளை அடுக்கினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

மருந்துக் கோப்பின் முதல் பக்கத்தில் ‘பிரமிபெக்ஸோலால் சூதாட்டக் கோளாறு வந்தது, அகோனிஸ்ட் எதுவும் வேண்டாம்’ என்று எந்த மருந்தோ அதன் பெயரோடும் நிறுத்திய தேதியோடும் எழுதி, மருத்துவரின் கையொப்பத்தோடு வையுங்கள். இரண்டாண்டு கழித்து ஊர் மாறி, வேறு மருத்துவரிடம் போய், கால் குடைச்சலால் தூக்கமில்லை என்று சொல்லும் நாளில், அந்தக் குடைச்சலுக்கும் எழுதப்படும் அதே மாத்திரை வேறு வணிகப் பெயரில், சிறிய அளவில், இராத்திரிக்கு ஒன்று என்று மறுபடி சீட்டில் ஏறுவது அடிக்கடி நடக்கிறது.